ஃப்ளூ ஊசிக்குப் பிறகு எட்டு மாதமாகத் தோள் வலி. அமெரிக்காவில் இழப்பீடு கிடைக்குமா? ஹெச்1பி விசாவில் இருப்பவர் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். குடியுரிமை வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நானும் இதே காயத்தோடு அந்த வழியில் போனவள்தான்.

பார்மசி மீதோ மருந்து கம்பெனி மீதோ எடுத்த எடுப்பில் வழக்குப் போட முடியாது. 1986இல் வந்த சட்டப்படி, தேசியத் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தில் மனு போட வேண்டும். வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று அதை விசாரிக்கும். எதிர்த்தரப்பு மத்திய சுகாதாரத் துறைச் செயலாளர். ஜூரி கிடையாது.

ஊசியால் வரும் தோள் காயத்தை 'சிர்வா' என்பார்கள். 2017இல் இதைத் திட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைக்க முடியாமையும் அந்தத் தோளில் மட்டும் இருக்க வேண்டும். அதே தோளில் முன்பே வலி இருந்திருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் என்பதால் அது சரி. முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும்.

இதில் பலர் தடுமாறுவது மருத்துவப் பதிவில்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஊசி போட்டவர் நின்றுகொண்டே குர்தியின் கழுத்தை இழுத்துவிட்டுத் தோள் எலும்பை ஒட்டிக் குத்தினார். அன்று இரவே அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. பிறகு சீட் பெல்ட்டை எட்டி இழுக்கவும், பின்னல் போடவும் கை எழவில்லை. அப்புறம் பார்த்தால் பார்மசி பதிவில் வலது கை என்று இருக்கிறது, குத்தியதோ இடது கையில்! அந்த வாரமே நான் பார்த்த குடும்ப டாக்டர், "இடது தோள், ஃப்ளூ ஊசி போட்ட அன்று இரவிலிருந்து வலி" என்று எழுதி வைத்திருந்தார். வழக்கு தோற்காமல் தாக்குப்பிடித்ததே அந்த ஒரு வரியால்தான். அதனால் டாக்டரிடம் "தோள் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கை, எந்த ஊசி, எப்போது தொடங்கியது என்று சொல்லி, அவர் அதை எழுதினாரா என்றும் பாருங்கள்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்தத் திட்டத்தில் உங்கள் தொகையிலிருந்து அவர் பங்கு எடுக்கக் கூடாது. அவருடைய கட்டணத்தை நீதிமன்றம் முடிவு செய்து தனியாகக் கொடுக்கும். தோற்றாலும், நல்லெண்ணத்தோடு நியாயமான அடிப்படையில் போட்ட மனு என்றால் கொடுப்பார்கள். வலிக்கும் வேதனைக்குமான உச்சவரம்பு 2,50,000 டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. என் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் வருடக் கணக்கில் இழுக்கும், அந்தக் காசை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. அன்றைக்கே கோவிட் ஊசியும் போட்டீர்களா? அதற்குத் திட்டமே வேறு: ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் கெடு, வேதனைக்கும் வக்கீலுக்கும் காசு கிடையாது. இரண்டும் ஒரே கையில் என்றால், எந்த ஊசியால் வந்த காயம் என்ற கேள்வி எழும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, இந்த வாரமே தடுப்பூசி வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.