அசனப் பணமும் ஆசா ராஜாவும்

கேள்வி: அன்புள்ள போதகர் ஐயரவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 71 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தை, அதாவது சபையார் கூடி உண்ணும் விருந்தை, வெகுகாலமாக நான்தான் பொறுப்பெடுத்து நடத்துகிறேன். அரிசி, ஆடு, விறகு, சமையல்காரர் எல்லாம் என் கையில்தான். மீதிப் பணத்தை வீணாக்காமல் என் பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு வளர்த்து வருகிறேன். போன மாதம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஓய்வுநாள் பள்ளியில் என்னிடம் படித்த பையன், இப்போது சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறான், நாலு பேர் முன்னால் கணக்குக் கேட்டுவிட்டான். ‘நான் கர்த்தருக்குக் கணக்குக் கொடுப்பேன், உனக்கில்லை’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ரோமர் 14:12 அப்படித்தானே சொல்கிறது? அவர் கொடுத்த ஊழியத்தைச் சாகும்வரை விடாமல் செய்வதுதானே கீழ்ப்படிதல்?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: அண்ணாச்சி, கோயில் வாசலில் வைத்து, அதுவும் வாத்தியாரிடம், அப்படிக் கேட்டது அழகில்லை. வீட்டுக்கு வந்து கேட்டிருக்கலாம். ஆனால் கேட்ட இடம்தான் தப்பு, கேள்வி தப்பில்லை.

முதலில் அந்த வசனம். ரோமர் 14-ஐ மேலிருந்து வாசியுங்கள். ஒருவன் இறைச்சி சாப்பிடுகிறான், ஒருவன் மரக்கறி சாப்பிடுகிறான். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எண்ணுவதில்லை. இதற்காக ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள், அவனவன் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான் என்கிறார் பவுல். ஊரார் காணிக்கையைப் பற்றிய பேச்சே அங்கே இல்லை. அதைப் பற்றி அவர் பேசுவது 2 கொரிந்தியர் 8-ல். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகத் திரட்டிய பணத்தை அவர் தனியே சுமந்து போகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைத் தம் உடன் ஊழியன் தீத்துவோடு சேர்த்து அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பவுலை யார் சந்தேகப்பட்டார்கள் என்று கேட்காதீர்கள். சந்தேகம் வருமுன்னே செய்த ஏற்பாடு அது.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு ஆசா ராஜாதான் ஞாபகம் வந்தார். இள வயதில் அவரைப்போலக் கீழ்ப்படிந்தவர்கள் யூதாவின் ராஜாக்களில் கொஞ்சம் பேர். விக்கிரகம் செய்தாள் என்று சொந்தத் தாய் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினவர். எத்தியோப்பியன் சேரா பெரும் படையோடு வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயித்தவர். அவரேதான் தம் ஆட்சியின் 36-ஆம் வருஷத்தில், இஸ்ரவேலின் ராஜா பாஷா தமக்கு எதிராக ராமா பட்டணத்தைக் கட்டியபோது, கர்த்தருடைய ஆலயப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துத் தமஸ்குவிலிருந்த சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு உதவி கேட்டு அனுப்புகிறார். இத்தனைக்கும் அந்த யோசனை பலித்தது. பாஷா ராமாவைக் கட்டுவதை விட்டுவிட்டுப் போனான். காரியம் பலித்துவிட்டதால்தானோ என்னவோ, ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி வந்து, கர்த்தரைச் சார்ந்துகொள்ளாமல் சீரியாவின் ராஜாவைச் சார்ந்துகொண்டதைத் தட்டிக் கேட்டபோது ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. கேட்டவனைக் காவலறையில் போட்டார். 39-ஆம் வருஷத்தில் காலில் வியாதி வந்தபோதும் கர்த்தரைத் தேடவில்லை. 2 நாளாகமம் 14 முதல் 16 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எதிரியின் பெரும் சேனை முன் நின்ற மனுஷன், வயதான பிறகு ஒரு கேள்வி முன் நிற்க முடியாமல் போனார்.

தீர்க்கதரிசி சாமுவேலோ யாரும் கேட்குமுன்னே, ‘நான் கிழவனும் நரைத்தவனுமானேன்’ என்று ஜனங்கள் முன் வந்து நிற்கிறார். யாருடைய எருதை எடுத்தேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்கிறார். தம்முடைய குமாரர் பரிதானம் வாங்கின கதை ஊருக்கே தெரிந்திருந்தும் அந்தத் துணிச்சல் அவருக்கு இருந்தது.

சாகும்வரை விடக்கூடாது என்பதற்கு, மோசே கானானுக்கு அனுப்பிய வேவுகாரரில் ஒருவரான காலேபைக் காட்டுவீர்கள், எல்லாரும் காட்டுகிறார்கள். 85 வயதில் அவர் கேட்டது இராட்சதரான ஏனாக்கியர் இருந்த மலைநாட்டை, பண்டகசாலைச் சாவியை அல்ல. எண்ணாகமம் 8-ஐயும் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்யும் லேவியன் 50 வயதில் வேலையை விட்டுவிட வேண்டும், அதன்பின் தன் சகோதரரோடே காவல் காக்கலாம். ஓய்வு வயதை வைத்ததே கர்த்தர்தான். பள்ளிக்கூடத்தில் அரசாங்க உத்தரவு வந்த அன்று பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தீர்கள் அல்லவா? என்னைப் போன்ற ஐயர்மாரும் ஒவ்வொரு மாறுதலிலும் ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, திருவிருந்துப் பாத்திரம் எல்லாம் எண்ணி ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறுவோம்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். பணம் உங்கள் பெயரில் இருக்கிறது. நாளைக்கே கர்த்தர் உங்களை அழைத்துக்கொண்டால் வங்கிக்கு அது அசனப் பணமா, அண்ணாச்சி பணமா என்று தெரியாது. நாமினி, வாரிசு என்று அது உங்கள் வீட்டுக்குத்தான் போகும். அதற்குப் பிறகு உங்கள் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் கோயிலுக்குள் எந்த முகத்தோடு போவார்கள்? நீங்கள் ஒரு காசு எடுக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். அதைச் சொல்ல அன்றைக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

ரசீது இல்லையே என்று தயங்க வேண்டாம். எட்டயபுரம் சந்தையில் ஆடு பிடித்தால் பில்லா தருகிறான்? ஞாபகம் இருக்கிறவரை எழுதுங்கள். இல்லாததற்கு நேரே ‘ரசீது இல்லை’ என்றே எழுதுங்கள், தொகையைச் சரிக்கட்ட வேண்டாம். அண்டா, கிடாரம், கரண்டி வரைக்கும் பட்டியல் போடுங்கள். சேகரத்து ஐயர் இருக்கும்போது, அந்தப் பையன் கையிலேயே கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வியாபாரி எடையில் ஏமாற்றுவான், எத்தனை படிக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வைப்பு முதிர இன்னும் எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம், முறித்துச் சபைக் கணக்கில் கட்டிவிடுங்கள். முன்கூட்டி முறித்தால் வட்டி குறையும். அந்தக் குறையை உங்கள் பென்ஷனிலிருந்து ஈடுகட்டுவதா வேண்டாமா என்பதைக் கமிட்டி சொல்லட்டும், நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.