பால், வெண்ணெய் இல்லாமல் கக்காவோ பவுடரில் சத்தான சாக்லேட் இனிப்பு செய்ய முடியுமா?

முடியும். ஒரு முற்றின தேங்காய், நாலு டேபிள்ஸ்பூன் பவுடர், நூறு கிராம் கருப்பட்டி, ஒரு நேந்திரம்பழம், இறுகுவதற்குக் கொஞ்சம் கடல்பாசி இருந்தால் ஆறு கிண்ணம் புட்டிங் வரும். செய்முறையைக் கீழே எழுதியிருக்கிறேன், அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். கேட்டவர் கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார்: "வெளிநாட்டு ஆர்கானிக் கக்காவோ பவுடர்தான் வாங்க வேண்டுமா, சாதாரண கோகோ பவுடர் போதுமா?" அந்த வரிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் ஏதோ ஒரு பெரிய ஊரில் அபார்ட்மெண்டில் இருப்பீர்கள், வீட்டில் யாருக்கோ பால் ஆகாது, இல்லை பாலை விட்டுவிட்டீர்கள், ஆன்லைனில் கால் கிலோ பவுடரின் விலையைப் பார்த்துத் திகைத்துப் போயிருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆனைமலைப் பக்கம். என் பிறந்த வீடு கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி, கொழிஞ்சாம்பாறை. கேரளாதான், ஆனால் நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில்தான் படித்தேன். கட்டிக்கொடுத்த இடத்தில் தென்னந்தோப்பு. தென்னைக்கு நடுவில் ஊடுபயிராகக் கோகோ. இந்தப் பக்கம் தோப்புகளில் இது புதிதே இல்லை. மாங்காய் மாதிரி கிளை நுனியில் தொங்காது. அடிமரத்திலேயே ஒட்டவைத்த மாதிரி காய்க்கும். பழுத்தால் மஞ்சள். கத்தி போட்டால் உள்ளே கொட்டையில் வெட்டு விழும் என்பதால் கட்டையால் தட்டித்தான் உடைப்போம். உள்ளே வெள்ளைச் சதை போர்த்தின முப்பது நாற்பது கொட்டைகள் சீதாப்பழச் சுளை மாதிரி அடுக்கியிருக்கும். சதையைச் சப்பினால் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அணிலுக்கும் எலிக்கும் அது நன்றாகத் தெரியும், நமக்கு முன்னால் அதுகள் தின்றுவிடும்.

பதினெட்டு வருடமாக நானும் தோப்புக்கு வரும் அக்காமார்களும் உட்கார்ந்து இதை உடைத்திருக்கிறோம். ஈரக்கொட்டையாகவே வியாபாரி எடை போட்டு எடுத்துப் போவார். சதைத் தண்ணீர் வடியும் என்று சொல்லி எடையில் ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது, அந்தப் பதினெட்டு வருடத்தில் எங்கள் கொட்டையில் செய்த சாக்லேட் எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

சரி, கக்காவோவா கோகோவா? இரண்டும் ஒரே மரம், ஒரே கொட்டை. வறுக்காமல், சூடு படாமல் செய்தது என்று காட்டுவதற்காகக் கக்காவோ என்று அச்சடித்து விலையை ஏற்றுகிறார்கள். கொட்டையைப் புளிக்க வைக்கும்போதே குவியலுக்குள் சூடு ஐம்பது டிகிரி வரைக்கும் போகும். அதற்கப்புறம் என்ன பச்சை? பெயரை விட்டுவிடுங்கள், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்களில் கோகோ மட்டும் இருக்க வேண்டும். சர்க்கரை, பால் பவுடர் இருந்தால் அது டிரிங்கிங் சாக்லேட், உங்களுக்கு வேண்டாம். 501 அல்லது 500 என்ற எண் இருந்தால் காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரி ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது என்று அர்த்தம். நிறம் கருப்பாக இருக்கும், கசப்பு குறையும், கூடவே கோகோவில் நல்லது என்று சொல்லப்படும் ஃபிளாவனால்களும் நிறையக் குறைந்துவிடும். அது இல்லாத சாதாரண இனிப்பில்லாத பவுடர், நம் நாட்டில் விளைந்ததாகவே கிடைக்கிறது. அது போதும்.

இவ்வளவு தூரம் நான் தெரிந்துகொண்டது என் மகள் வயிற்றுப் பேரனால். அவனுக்குப் பால் ஆகாது. ஆகாது என்றால் வயிறு உப்புசம் மட்டுமில்லை, அலர்ஜி. மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு கடையில் பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி கேக் ஆர்டர் கொடுத்தோம். "டார்க் சாக்லேட் மட்டும்தாங்க" என்றார்கள். ஒரே ஒரு துண்டு. கால் மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்து, உதடு வீங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்புறம் கேட்டால் அந்த டார்க் சாக்லேட்டிலேயே பால் பொருள் இருந்திருக்கிறது. ஆகவே அலர்ஜி உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், டார்க் என்ற வார்த்தையை நம்பாதீர்கள். பொட்டலத்தில் பால் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருந்தாலும் தொடாதீர்கள்.

அடுத்த பிறந்தநாளுக்கு நானே செய்கிறேன் என்று சபதம் போட்டேன். அது 2024. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் விழுந்து, உலகச் சந்தையில் கோகோ டன் பத்தாயிரம் டாலரைத் தாண்டின வருடம். இங்கேயும் காய்ந்த கொட்டை கிலோ ஆயிரம் என்று பேச்சு. தோப்புக்காரர்கள் ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு காவலுக்குத் தோப்பைச் சுற்றிவந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் இரண்டு கிலோ ஈரக்கொட்டையை எடுத்து மொட்டை மாடியில் நேராகக் காயப்போட்டேன். காய்ந்ததை உடைத்துப் பார்த்தால் உள்ளே கத்தரிப்பூ நிறம். வறுத்து வாயில் போட்டால் பச்சைப் பாக்கை மென்ற மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. சாக்லேட் வாசனை சுத்தமாக இல்லை. புளிக்க வைக்காத கொட்டையில் அந்த வாசனையே பிறக்காதாம்.

இரண்டாவது தடவை பத்துக் கிலோ. கொஞ்சமாகப் போட்டால் குவியலில் சூடு ஏறாது. மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டு, மேலேயும் இலை, அதற்கு மேல் சாக்கு. மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட வேண்டும், மொத்தம் ஆறு நாள். மறுநாளே வீடெல்லாம் கள்ளு வாசம். சதையில் இருக்கும் இனிப்பு முதலில் சாராயமாகி, அப்புறம் புளித்துக் காடியாகும். அந்தச் சூட்டில்தான் கொட்டை சாகும், கசப்பு இறங்கும். என் மாமியார் திண்ணையிலிருந்து, "அம்மிணி, பொறந்த ஊட்டுல இருந்து பானையோட கொண்டுவந்துட்டயா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வாசல் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டைச் சாத்த வேண்டியிருந்ததே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேரளாவில் என் அண்ணன் தோப்பில் தென்னையில் கள் இறக்குகிறார்கள், லைசென்ஸ் உண்டு, கடையில் விற்கிறார்கள். இருபது நிமிடம் பஸ்ஸில் இந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அதே தென்னையில் அதே வேலை குற்றம், 1987-லிருந்து. நான் குடிக்கச் சொல்லவில்லை, கீழே வந்து சண்டை போடாதீர்கள். குடியால் ஒரு தம்பியை இழந்தவள் நான். வெள்ளை ஈயும் வாடல் நோயும் மரத்தைத் தின்கிற காலத்தில், தென்னையிலிருந்து தேங்காயைத் தவிர வேறு ஒரு வரும்படிக்கு வழியிருக்கிறதா என்று கேட்கிறேன், அவ்வளவுதான். நீராவுக்கு, அதாவது புளிக்காத தென்னம்பாளைச் சாற்றுக்கு, அனுமதி கொடுத்திருக்கிறார்கள், உண்மை. சின்ன விவசாயி அதற்கு எத்தனை படி ஏறி இறங்க வேண்டும் என்று ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சரி, விடுங்கள்.

ஆறு நாளுக்கு அப்புறம் ஒரு வாரம் வெயிலில் காய்ந்தது. பத்துக் கிலோ மூன்றரைக் கிலோவாகச் சுண்டியது. வீட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டு, "மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் புட்டிங் திங்கற ஊடு நம்மளுதாம் புள்ள" என்றார். நான் காதில் வாங்கவில்லை. இரும்பு வாணலியில் சின்னத் தீயில் அரை மணி நேரம் வறுத்தேன். படபடவென்று பொரிந்து, ரொட்டி சுடுகிற வாசனையும் லேசான காடி வாசனையும் சேர்ந்து வந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்றது. முறத்தில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்து, கருப்பட்டி நிறத்தில் நொறுங்கின பருப்பு தங்கியது.

மிக்சி இரண்டாவது நிமிடமே சூடாகி நின்றுவிட்டது. அப்புறம் இட்லி மாவு ஆட்டும் வெட் கிரைண்டரைக் கழுவித் துடைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, பருப்பைச் சூடு பண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். முதலில் கரகரவென்று சுற்றியது. இருபது நிமிடத்தில் களிமண் மாதிரி. ஒரு மணி நேரத்தில், தண்ணீரே ஊற்றாமல், தோசை மாவு மாதிரி வழிய ஆரம்பித்தது! கொட்டையில் பாதிக்கு மேல் கொழுப்புதான். கல் சூட்டில் அது இளகி ஓடுகிறது. வெளிநாட்டில் சின்ன அளவில் சாக்லேட் செய்பவர்கள் நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைத்தான் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு அரைக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் உளுந்து.

ஆனால் வந்தது விழுது, பவுடர் இல்லை. அந்தக் கொழுப்பை அழுத்திப் பிழிந்தால்தான் மிச்சம் பவுடராகும். 1828-ல் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் குடும்பம் அதற்கு ஒரு அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. வீட்டில் அது நடக்காது. துணியில் கட்டிப் பிழிந்து பார்த்தேன், துணிதான் வீண். ஆகவே பவுடரைக் கடையிலேயே வாங்குங்கள், வெட்கமில்லை. நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன்.

செய்முறைக்கு வருகிறேன். கடல்பாசி ஐந்து கிராம் எடுத்துக்கொள்ளுங்கள், சைனா கிராஸ் என்று கேட்டாலும் தருவார்கள். ஜெலட்டின் வாங்கிவிடாதீர்கள், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. கடல்பாசியை நறுக்கி ஒரு கிண்ணம் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவையுங்கள். தேங்காயைத் துருவி முதல் பால் ஒரு கிண்ணம், இரண்டாம் பால் ஒரு கிண்ணம். கருப்பட்டி நூறு கிராமைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வையுங்கள்; மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள். நாலு டேபிள்ஸ்பூன் கோகோவை வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள், நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். தோல் கருத்த நேந்திரம்பழம் ஒன்றை ஆவியில் வேகவைத்து, நடு நரம்பை எடுத்து மசியுங்கள்.

கடல்பாசியை ஊறிய தண்ணீரோடு கொதிக்க விடுங்கள். ஒரு இழைகூடத் தெரியக்கூடாது, கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். அதில் இரண்டாம் பால், கோகோ, கருப்பட்டி, பழம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை மறந்தால் சுவை மொட்டையாக இருக்கும். ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் முதல் பால். அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். சுக்குப்பொடி என் சேர்க்கை, வேண்டுமானால் போடுங்கள். கிண்ணங்களில் ஊற்றி வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும். ஜில்லென்று வேண்டுமானால் அப்புறம் உள்ளே வையுங்கள்.

இனி "சத்தான" என்ற வார்த்தை. இந்த இடத்தில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கருப்பட்டியும் சர்க்கரைதான். சுகர் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்பது பொய், என் வீட்டுக்காரர் அதை நம்பி மாத்திரையைக் கூட்டிக்கொண்டவர். தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு, பெரும்பாலும் நிறைகொழுப்பு. ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். கோகோவில் கொஞ்சம் காஃபின் இருப்பதால் குழந்தைகளுக்கு ராத்திரியில் வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் பாத்திரத்தைக் கழுவி வையுங்கள், கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். மற்றபடி கடைச் சாக்லேட்டுக்கு இது எவ்வளவோ மேல் என்று நான் சொல்வேன். ஊட்டச்சத்து படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.

பிறந்தநாளன்று என் கிரைண்டர் விழுதில்தான் செய்தேன். கொஞ்சம் நரநரவென்று இருந்தது, பரவாயில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்தால் தட்டில் ஆடிக்கொண்டு நின்றது. பேரன் ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டில் பழக்கிவிட்ட கேள்வியைக் கேட்டான்: "அம்மாயி, இதுல பால் இருக்கா?"

நான் யோசிக்காமல், "தேங்காய்ப் பால்தான் கண்ணு" என்றேன்.

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, தட்டையும் என் பக்கமே தள்ளிவிட்டான். பால் என்று கேட்டால் தொடாதே என்று நாங்கள்தானே சொல்லிக்கொடுத்தோம். அப்புச்சி தின்று காட்டினார், அவன் அம்மா தின்று காட்டினாள். ம்ஹூம். கடைசியில் தோப்புக்குக் கூட்டிப்போய், தேங்காயை அவன் கண் முன்னால் உடைத்து, துருவிப் பிழிந்து காட்டின பிறகுதான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். இப்போது எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தேங்காய்ச் சாறு. ஆப்பத்துக்குக்கூட அதுதான். போன வாரம் மளிகைக் கடையில் வாய் தவறி ஒரு பாக்கெட் தேங்காய்ச் சாறு கொடுங்கள் என்று கேட்டேன், கடைக்காரத் தம்பி இளநீரை எடுத்து நீட்டினார்.