ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் காய்கறி உறைகிறது, கம்ப்ரசர் நிற்பதில்லை. சென்சார் கோளாறா?

இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் மாற்றாதீர்கள். சென்சார் மலிவுதான், அதைச் சாக்கிட்டு, கம்ப்ரசரை இயக்கும் கன்ட்ரோல் போர்டையும் மாற்றச் சொல்வதுதான் செலவு.

இப்போதைய ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் வெப்பநிலை சென்சாராகப் பெரும்பாலும் இருப்பது தெர்மிஸ்டர். குளிர் கூடினால் அதன் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். பழுதாகி மின்தடை தாழ்ந்தே கிடந்தால், உள்ளே இன்னும் சூடு என்று நம்பி போர்டு கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதோடு பொருந்துகிறது.

பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். அப்புறம் சென்சாரின் கனெக்டரைப் பிரித்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். டம்ளர் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு, சென்சார் தலையை மட்டும் ஐந்து நிமிடம் முக்குங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம்ஸ் காட்டும் வகை, இந்த 0 டிகிரியில் சுமார் 27 முதல் 33 வரை காட்டும். 5 கிலோ ஓம்ஸ் வகை அதில் பாதி. உங்கள் மாடலின் சர்வீஸ் அட்டவணை கிடைத்தால் அதையே நம்புங்கள்.

பிறகு உள்ளங்கையில் பிடியுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். தாவினாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் போச்சு. கனெக்டர் பின்னில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், ஈரம் புகுந்து அதுவே குழப்பும்.

சென்சார் சரியாக இருந்தால், ஃப்ரீசரிலிருந்து கீழே குளிர்காற்று விடும் டாம்பர் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதனாலும் காய்கறி உறையும்.