வாடகை வந்து இ.எம்.ஐ. கட்டிவிடுமா?

கேள்வி: மேடவாக்கத்தில் 12 வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் 50 லட்சத்துக்கு வருகிறது. 40 லட்சம் லோன் போட்டு வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். 16,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர். வாடகையிலேயே லோன் அடைந்துவிடுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: அடையாது. 8.5 சதவிகித வட்டியில் 40 லட்சத்துக்கு 20 வருடத் தவணை, மாதம் 34,713 ரூபாய். முதல் மாதம் அதில் 28,333 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380தான். குடித்தனம் மாறும்போது வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும். அதனால் வருடத்துக்கு 11 மாத வாடகை என்றே கணக்குப் போடுங்கள்: 1,76,000. கட்ட வேண்டியதோ 4,16,556. மாதம் சுமார் 20,000 சம்பளத்திலிருந்து போகும். அது கையைக் கடிக்காது என்றால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அடுத்தது ரொக்கம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவிகிதம்தான் உச்சவரம்பு. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவிகிதம், அதாவது 4.5 லட்சம். ஆக, உங்கள் கையில் 14.5 லட்சம் இருக்க வேண்டும்.

இதற்கும் ஆபத்து வரும் இடம் வங்கியின் மதிப்பீடு. பேசிய விலை, மதிப்பீட்டாளர் போடும் தொகை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். பழைய ஃபிளாட்டுக்கு அவர் 46 லட்சம் போட்டால் கடன் 36.8 லட்சம்தான். பாக்கி 3.2 லட்சத்துக்கு அலைய வேண்டும். அதற்குள் பெரிய அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் விற்பவர் பிடி கொடுக்கமாட்டார். டோக்கன் தொகையோடு நின்று, பத்திர நகல், 30 வருட வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற வரைபடம் மூன்றையும் வங்கியிடம் முதலில் காட்டுங்கள். 'கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்' என்ற வரி விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால் 1 சதவிகிதம், 50,000 ரூபாய், டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடித்துக்கொண்டு மீதியைத்தான் விற்பவருக்குத் தர வேண்டும். அதை அவருடைய பான் எண்ணில் வருமான வரித்துறை இணையதளத்தில் நீங்களே கட்ட வேண்டும். மறந்தால் வட்டியோடு உங்களைத்தான் கேட்பார்கள். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவிகிதம் பொருந்தாது. ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வரிச் சலுகையை நம்பியும் இறங்க வேண்டாம். முதல் வருட வட்டி சுமார் 3.37 லட்சம். வாடகையில் 30 சதவிகிதம் கழித்து, வட்டியையும் கழித்தால் நஷ்டம்தான் மிஞ்சும். பழைய வரிமுறையில் அந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அது கிடையாது.

கேள்வி: வாங்கப்போகும் வீட்டை 8 லட்சம் போக்கியத்துக்கு விட்டு, அந்தப் பணத்தை முன்பணமாகப் புரட்டலாமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: பத்திரம் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதானே போக்கியத்துக்கு விட முடியும்? முன்பணம் அதற்கு முன்பே வேண்டும். சரி, எப்படியோ புரட்டிவிட்டுப் பிறகு போக்கியப் பணத்தில் அடைக்கிறீர்கள் என்றே வைப்போம். மாதம் 16,000 வாடகை வரக்கூடிய வீடு என்றால் வருடத்துக்கு 1.92 லட்சத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். 8 லட்சத்துக்கு 1.92 லட்சம் என்பது 24 சதவிகித வட்டி! நகைக்கடன்கூட இதைவிட மலிவு. காலம் முடிந்ததும் 8 லட்சத்தை மொத்தமாக எண்ணிவைக்க வேண்டும். அடுத்த போக்கியதாரர் கிடைக்காமல் வீட்டுக்காரர்கள் திண்டாடுவது அந்த இடத்தில்தான். போதாக்குறைக்கு, வங்கியில் அடமானமாக இருக்கும் வீட்டை வங்கியின் ஒப்புதல் இல்லாமல் போக்கியத்துக்கு விட்டால் கடன் ஒப்பந்தமே சிக்கலாகும்.

கேள்வி: 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம் போட்டால் போதாதா? ரிப்பேர் செலவு யாருடையது?
- வாசகர், ஆவடி

பதில்: போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடியிருப்பவரிடம் வாங்கும் முன்பணத்துக்குச் சட்டம் சொல்லும் அளவு 3 மாத வாடகை.

ரிப்பேர் விஷயத்தில், வெள்ளையடிப்பது, பைப் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உங்கள் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், உடைந்த ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் தப்பு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

கேள்வி: குடியிருந்தவர் ஈ.பி. பில் கட்டாமல் காலி செய்துவிட்டார். இனி எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், சேலம்

பதில்: இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள்தான் கட்டியாக வேண்டும். பில் 2 மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான் இதில் உள்ள ஓட்டை. இனி சாவி கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் இருவரும் நின்று மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுங்கள். கடைசி பில் தொகையைப் பிடித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்புங்கள். ஒரே மீட்டரில் இரண்டு போர்ஷன் ஓடினால் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ் அடுக்கின் குறைந்த கட்டணமும் போய்விடும். அந்தக் கூடுதலை யார் தருவது என்று மாடியும் கீழ்வீடும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கும்.