ஐந்து சொற்களும் ஒரு பாட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு 71 வயது. அண்மையில் ‘மோகா’ என்ற நினைவாற்றல் பரிசோதனை செய்தார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்டபோது ஒன்றைத்தான் சொன்னார். மொத்தம் 30க்கு 21. வீட்டுக்கு வந்ததும், சிறுவயதில் கற்ற பாட்டை ஓர் அடிகூடப் பிசகாமல் பாடினார். நான் எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டையும் நம்புங்கள். பாட்டை வைத்து அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடவும் கூடாது, 21ஐப் பார்த்து இடிந்துபோகவும் வேண்டாம்.

1953இல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புதிய நினைவுகளைப் பதிய உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், இரு பக்கமும் பெரும்பகுதி போய்விட்டது. அதன்பின் நடந்தவற்றில் ஏறக்குறைய எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிள்ளைப் பருவமோ நினைவில் இருந்தது. உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரமாகவே கோடு இழுக்கச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. மொலைசனுக்கோ, இதற்கு முன் அப்படி வரைந்த நினைவே இல்லை.

புதியதைப் பதிவதும், பழையதைக் காப்பதும், பழகியதைச் செய்வதும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை. பல்லாயிரம் முறை பாடிய பாட்டுக்கு ஹிப்போகாம்பஸின் உதவி அதிகம் வேண்டாம். இன்று கேட்ட ஐந்து சொற்களுக்கு வேண்டும்.

கூட்டுத்தொகையை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அந்த எண்ணைவிட முக்கியமான விஷயம் விடைத்தாளிலேயே இருக்கக்கூடும். ஒரு சொல் வராதபோது, “அது ஒரு நிறம்” என்று குறிப்புக் கொடுக்கலாம். அப்படியும் வராவிட்டால், “சிவப்பா, நீலமா, பச்சையா?” என்று கேட்கலாம். குறிப்புக்குப் பின் சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் அதைக் குறித்துவைக்க இடம் உண்டு. குறிப்புக் கொடுத்ததும் சட்டென்று சொல் வந்தால், அது உள்ளே பதிந்திருக்கிறது, எடுப்பதில்தான் சிக்கல். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, கவனச் சிதறல் எல்லாம் இப்படிச் செய்யும். மூன்றில் ஒன்றாகக் கேட்டும் தெரியவில்லை என்றால், பதிவே நிகழவில்லையோ என்று யோசிக்க வேண்டும். அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இதை அதிகம் பார்க்கலாம். இதுவும் தீர்ப்பு ஆகாது. மோகா, மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்களைக் கண்டறியும் முதற்கட்டச் சோதனைதான். 26உம் அதற்கு மேலும் இயல்பு என்று கொள்வார்கள். அம்மாவின் எண் அதற்குக் கீழே இருப்பதால், மேற்கொண்டு பார்ப்பது அவசியம்.

அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? பலர் இதைக் கேட்பதே இல்லை. காதில் விழாத சொல்லை யாரால் திருப்பிச் சொல்ல முடியும்?

நரம்பியல் மருத்துவரிடம் அந்த விடைத்தாளையே எடுத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12, தைராய்டு அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் மறைக்காமல் கூறுங்கள். மறுபடி சோதிப்பதானால், வேறு சொற்கள் கொண்ட படிவம் வேண்டும் என்று கேளுங்கள். அப்படி மாற்றுப் படிவங்கள் இருக்கின்றன.