தாழ்ந்த ஒலி கேட்கிறது, பேச்சு புரியவில்லை: ஒரே காதில் ஹியரிங் எய்டும் காக்ளியர் இம்பிளான்ட்டும் சரிவருமா?

கிருஷ்ணகிரியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு லாரி சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை, ஹியரிங் எய்டும் உதவவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஆடியோகிராமை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் இருந்தால் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள். 500 ஹெர்ட்ஸ் வரை 60–65 டெசிபெலுக்குள் இருந்து, 2000க்கு மேல் 75–80ஐத் தாண்டிக் கோடு சரிந்திருந்தால், தாழ்ந்த ஒலிக்கு ஹியரிங் எய்டும், உயர்ந்த ஒலிக்குக் காக்ளியர் இம்பிளான்ட்டும் (உட்காதுக்குள் எலக்ட்ரோடு வைத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) ஒரே காதில் சேர்க்கும் முறைக்கு ஏற்ற காது.

'காசு', 'காது' இரண்டும் அவருக்கு ஒன்றுபோலக் கேட்கும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வந்துவிடுகின்றன. 'சு'வின் சீறல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் வந்து சேர்வதில்லை. அந்த ஒலிக்கான மயிர்ச்செல்கள் (உட்காதில் ஒலியை உணரும் செல்கள்) அழிந்திருந்தால், ஹியரிங் எய்டில் எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் கூடும். காக்ளியாவின் (உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட பகுதி) அடிப்பகுதி உயர்ந்த ஒலிக்கு, நுனி தாழ்ந்த ஒலிக்கு. அதனால் அடியில் எலக்ட்ரோடு, நுனிக்கு ஒலிபெருக்கம். பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுக்கவும், பாட்டின் சுருதியை உணரவும் தாழ்ந்த ஒலியில் மிஞ்சியிருக்கும் அந்த மிச்சக் கேட்பு பெரிய துணை. மின்தூண்டல் மட்டும் அதைத் தராது.

ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஆடியோகிராம்களை ஒப்பிடச் சொல்லுங்கள். 250 ஹெர்ட்ஸ் கோடு இறங்கிக்கொண்டே வந்தால் மிச்சக் கேட்பை நம்பித் திட்டமிடக் கூடாது. இன்னொன்று: தாழ்ந்த ஒலியைச் சத்தமாகக் கொடுக்கும்போது காதால் கேட்காமல், அதிர்வை உணர்ந்தும் சிலர் கை தூக்கிவிடுவார்கள். மறுகாதுக்கு மாஸ்கிங் (அந்தக் காது கேட்டுப் பதில் சொல்லிவிடாமல் இரைச்சல் கொடுத்து மறைப்பது) போட்டார்களா என்றும் கேளுங்கள்.

இந்த முறைக்கான எலக்ட்ரோடு பெரும்பாலும் 16 முதல் 24 மி.மீ. வரை இருக்கும். வட்டச் சன்னல் (காக்ளியாவின் அடியில் உள்ள சவ்வு மூடிய திறப்பு) வழியாக மெதுவாகச் செலுத்தி, ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அப்படியும் மிச்சக் கேட்பு குறையலாம், சிலருக்கு மாதங்கள் கழித்தும். அதனால்தான் 20–24 மி.மீ. எனக்குச் சரியாகப் படுகிறது: கேட்பு போனாலும் ஒலிபெருக்கத்தை நிறுத்திவிட்டு எல்லா அதிர்வெண்களையும் எலக்ட்ரோடுக்கு மாற்ற முடியும். 16 மி.மீ.யில் அந்த இடம் குறைவு.

அறுவைக்குப் பின் மூன்று நான்கு வாரத்தில் கருவியை இயக்குவார்கள். ஆடியோகிராம் சுமார் 65 டெசிபெலைத் தொடும் அதிர்வெண்தான் எல்லை. அதற்குக் கீழே ஒலி, மேலே மின்தூண்டல். இரண்டும் அதிகமாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பேச்சு கலங்கும்.

பெரும்பாலும் சொதப்புவது காது மோல்டில் (காது அளவுக்கு வார்த்து, ஒலியைக் காதுக்குள் விடும் அடைப்பு). தளர்வாக இருந்தால் தாழ்ந்த ஒலி கசிந்துவிடும், 'ஒலிபெருக்கம் வேலை செய்யவில்லை' என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். இறுக்கமான மோல்டு வாங்குங்கள். குறும்பியோ ஈரமோ அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஈரத்தை உறிஞ்ச இரவில் சிலிக்கா ஜெல் டப்பா அவசியம்.

முதல் சில மாதங்கள் மேப்பிங்குக்கு (கருவியின் அளவுகளை அவர் கேட்புக்கு ஏற்பச் சரிசெய்வது) அடிக்கடி போக வேண்டும். பெங்களூரோ சேலமோ, இந்த இரட்டை முறையை மேப் செய்து பழகிய ஆடியாலஜிஸ்ட் (கேட்பு நிபுணர்) இருக்கும் மையத்தையே தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் மோல்டைக் கழற்றி 250, 500 ஹெர்ட்ஸைத் தனியாக அளக்கச் சொல்லி, தாளை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.