பாசிக்கார அக்காமாருக்கு உறை தைக்கும் முன்: கேள்வி பதில்

கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கருவி செய்ய நினைப்பவர்கள், அவர்களையே வடிவமைப்பில் சேர்ப்பது எப்படி என்று கேட்டவற்றுக்குப் பதில்கள்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: அக்கா, பாசி எடுக்கிறவர்களுக்குக் கையுறை செய்கிறோம். படம் வரைந்து முடித்துக் கருத்துக் கேட்டால் போதுமா?

போதாது தம்பி. அப்போது கேட்டால் நிறத்தைத்தான் மாற்றுவீர்கள். கையுறை வேண்டும் என்பதே உங்கள் முடிவு. அவர்களுக்கு முதல் தொல்லை, முங்கும்போது போடும் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதாக இருக்கலாம். வரையும் முன்பே போங்கள், நாள் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் அவர்களுக்குத் தொழில். அன்று வேடிக்கை மட்டும் பாருங்கள். உட்கார்ந்து பேச இடைப்பட்ட நாட்கள்.

மண்டபம்: மாதிரியைக் காட்டினால் எல்லாரும் "நல்லாருக்கு சார்" என்கிறார்களே?

அது மரியாதை. ஒரே மாதிரியை நீட்டினால் வேறென்ன சொல்வார்கள்? மூன்று கொடுங்கள்: முழு விரல், நுனி திறந்தது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மட்டும் உறை. நாலாவதாக, அவர்கள் வழக்கமாகச் சுற்றும் துணிப்பட்டையும் போட்டியில் இருக்கட்டும். ஐந்தாறு நாள் தொழிலுக்குக் கொண்டுபோகட்டும்.

திரும்பியதும் வாயைக் கேட்காதீர்கள், உறையைப் பாருங்கள். நுனியைக் கத்தரித்திருந்தால் காரணம் உண்டு: மரிக்கொழுந்துப் பாசி கல்லோடு ஒட்டிக் கிடக்கும், விரல் நுனி தடவினால்தான் பிடி கிடைக்கும். மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தால் வெல்க்ரோவில் மணல் ஏறிப் பிடிப்பு போயிருக்கும். தொடாமலே கிடந்தால், உள்ளே நீர் கோத்துக் கை கனக்கிறதா என்று பாருங்கள். அந்த வெட்டும் முடிச்சும்தான் அடுத்த படம். அடுத்த சந்திப்புக்குக் கத்தரி, பழைய துணி, சைக்கிள் ட்யூப் எடுத்துப் போங்கள். வெட்டுவது அவர்கள் கை.

ஏர்வாடி: எத்தனை பேரை அழைப்பது? தலைவி மட்டுமே பேசுகிறார்.

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இருவர், அறுபது தாண்டியவர் இருவர் கட்டாயம். தலைவியிடம் முன்னதாகத் தனியே பேசிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போனால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். பாசி வாங்கும் வியாபாரி பக்கத்தில் இருக்கவே கூடாது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பெண், அவர் எதிரில் எடையைப் பற்றி வாய் திறப்பாரா?

கீழக்கரை: டீ, வடை வாங்கிக் கொடுத்தால் போதாதா?

வடிவமைப்பாளர் வடைக்கா வேலை செய்கிறார்? அரை நாளுக்கு எவ்வளவு என்று அவர்களே சொல்லட்டும். அன்றைக்கே கையில் கொடுங்கள்.

பாம்பன்: காற்று, அலை சொல்லும் செயலி செய்கிறோம். திரையை எப்படி அமைப்பது?

கணினியைத் தொடாதீர்கள். தபால் அட்டை அளவில் இருபது அட்டை வெட்டி, ஒன்றில் ஒரு தகவல் எழுதுங்கள்: காற்றின் திசை, வேகம், அலை உயரம், நீரோட்டம். முக்கியமானது மேலே வரும்படி படகுக்காரர்கள் அடுக்கட்டும், மேலே வரும் மூன்றுதான் முதல் திரை. 1981-இல் ஸ்காண்டிநேவியாவில் தொடங்கிய யுடோப்பியா திட்டத்தில், அச்சுத் தொழிலாளர்களோடு சேர்ந்து வடிவமைத்தவர்கள் வெறும் அட்டைப்பெட்டியை லேசர் பிரிண்டராக வைத்துத்தான் வேலையை நடத்திப் பார்த்தார்கள்.

திசைக்கு அவர்கள் பேரையே போடுங்கள்: வாடை, கச்சான், கொண்டல், சோளகம். விசைப்படகுக்காரர்களைத் தனியாக உட்கார வையுங்கள், தேவை வேறு. சோதனை படகில், உச்சி வெயிலில், ஈரக் கையோடு. அறைக்குள் எந்தத் திரையும் நன்றாகத்தான் தெரியும்.

தங்கச்சிமடம்: கடைசியில் "இது வேண்டாம்" என்றுவிட்டால்?

நிறுத்திவிடுங்கள். அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு பணம் இருக்கிறது, எதை மாற்ற முடியாது என்பதையும் சேர்த்து. கொடுத்த மாதிரிகளைத் திரும்பக் கேட்காதீர்கள்.